மூணு செட்

“வாடகை ஒப்பந்தம் மூணு செட் வேணும்னு சொன்னேன்ல? ரெண்டுதான் இருக்கு.” நகராட்சி உரிமப் பிரிவு அம்மா ஃபைலைத் திருப்பித் தள்ளினாள்.

கடை உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தவர் தெருமுனை வரை நடந்து, இன்னொரு நகல் எடுத்து வந்து, மறுபடி வரிசையின் வாலில் நின்றார். வரி எண் கேட்டு அவள் திருப்பி அனுப்பியது நாலு நடை, தீயணைப்புச் சான்று கேட்டு ஆறு, இது பதினொன்றாவது. ஏழு மாதமாகக் கடை பூட்டியே கிடக்கிறது.

மூன்று மணிக்கு ஒருவழியாக உரிமம் கைக்கு வந்தது.

“இந்த அலைச்சல் உங்களோட ஒழிஞ்சுது சார்,” அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தாள். “நாளையிலேருந்து எல்லாம் கம்ப்யூட்டர்லதான். யாரும் ஒரு நகல்கூடக் கொண்டுவர வேண்டாம்.”

வரிசையே கைதட்டியது. அவர் மட்டும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என்ன சார், முகத்துல சந்தோஷமே இல்லையே? ஆமா, என்ன கடை வைக்கறீங்க?”

பதினொரு தடவை அந்த விண்ணப்பத்தைப் புரட்டியவள் கேட்ட கேள்வி!

“உங்க வாசல்ல நிக்கற கூட்டத்தை நம்பித்தான் மேடம், எதிர்லயே இடம் புடிச்சேன்,” என்று அவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார்.

பூட்டிய கதவுக்கு மேலே புதுப் பலகை தெரிந்தது: ‘இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்.’