எண்பதாவது பிள்ளை

"அப்படியில்ல புள்ள! நேத்து பூரா நான் சொல்லிக்குடுத்தது என்ன, இப்ப நீ வாசிக்கிறது என்ன?" ஆனந்தமேரி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பு பாண்டிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்ல நூல்கட்டு சுத்தி வந்த பேப்பர வச்சுக்கூடப் பழகிப் பாத்தேன் டீச்சர். வரமாட்டேங்குது."

"பத்து மணிக்கு ஆபீசர் வந்துருவாரு. இன்னொரு தடவ வாசி, தாயி."

சின்னாளப்பட்டி போகிற வழியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு வாசிப்புச் சோதனை. எண்பது பிள்ளைகளும் ஒருத்தர் விடாமல் அதிகாரி முன்னால் வாசிக்க வேண்டும். நாற்பது பிள்ளை என்று மேலிடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றாம் வருஷம் நடந்த சோதனையில் பள்ளிக்கூடமே திக்கித் திணறியது. அதனால்தான் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவென்றே ஆனந்தமேரியைத் தற்காலிகமாகப் போட்டார்கள். பாவம், அவளும் உயிரைக் கொடுத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். புருஷன் வேலை பார்த்த மில் பூட்டிக் கிடக்க, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த வேலை நிலைக்குமா போகுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் எதையோ போட்டுக்கொண்டே போனார்.

தலைமையாசிரியர் முத்துக்கிருஷ்ணன் ஆனந்தமேரியோடு வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது முடிந்தது.

"நாப்பதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் குறையுது டீச்சர். யாரு மிச்சம்?"

"பாண்டிச்செல்வி சார்."

"அடக் கடவுளே! அந்தப் புள்ளயா?" என்று தலைமையாசிரியர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனந்தமேரி கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்தாள். "மாதாவே, இந்த ஒரு புள்ளய மட்டும் பாத்துக்கம்மா."

பாண்டிச்செல்வி புத்தகத்தை விரித்தாள். ஜன்னலில் தெரிந்த டீச்சரை ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வந்தது. அதற்குப் பிறகு யார் தடுப்பது? நரிப் பாடம் முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரலென்று வாசித்து முடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஆனந்தமேரி தன்னை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பென்சிலைக் கீழே போட்டுக் கைதட்டினார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். "பிரமாதம்! ஹெட்மாஸ்டர் சார், உங்க ஸ்கூல் தேறிருச்சு. திக்குனது முப்பத்தொம்பது பேருதான், நாப்பது வரல. இனிமே இங்க தனி டீச்சர் எதுக்கு?"

ஆனந்தமேரி பிடித்திருந்த சிலுவையை விட்டாள். அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

பாண்டிச்செல்வி ஓடி வந்து அவள் சேலையைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்... எம்புட்டுப் பழகியும் எனக்குத் தப்பா வாசிக்க வரமாட்டேங்குது!"