மஞ்சள் குல்லாக்காரர்

"ஊஊஊ...!"

முன்வரிசையிலிருந்து மறுபடியும் அதே குரல்.

லொரெய்ன் பல்லைக் கடித்தாள். "பாத்தியா டெரெக்? அந்த மஞ்சள் குல்லாக்காரன்தான். எம் பொண்ணை ஒரு வசனம் முழுசாப் பேச விடறானா பாரு!"

"சனங்க வில்லியைப் பாத்து ஊளையிடலைன்னா அது என்ன கிறிஸ்துமஸ் பாண்டோமைம் நாடகம்? பேசாம உக்காரு" என்று கணவன் கிசுகிசுத்தான்.

"எல்லாரும் அவ வரும்போதும் போகும்போதும் ஊளையிடறாங்க. அது சரி. இவன் நடுவுல கத்தறான். அதுவும் சரியா அந்த நேரம் பாத்து..."



மேடையில் கறுப்பு அங்கியும் பச்சைப் பூச்சு முகமுமாக நின்ற காட்டுச் சூனியக்காரி அவர்கள் மகள் டெஸ்ஸா. பேசக் கற்றதிலிருந்தே அவளுக்குத் திக்குவாய். 'ப' வந்தால் பெரும்பாலும் போச்சு, சொல் உள்ளேயே நின்றுவிடும். பள்ளி நாடகங்களில் அவளை மரமாக நிற்க வைத்தார்கள். ஒரு வருஷம், இரண்டு பேர் சேர்ந்து போடும் மாட்டு வேஷத்தில் பின்னங்கால்.

இந்த வருஷம் ஊர் நாடகக் குழுவில் அவளாகவே போய், "வில்லி வேஷம் எனக்கு வேணும்" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டினாள். கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டதாம். வேஷம் அவளுக்குத்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

லொரெய்னுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று சாயங்காலம் கிறிஸ்துமஸ் சந்தையில் அவள் ஒரு கடை விடவில்லை. கஷ்கொட்டை வறுக்கிறவரிடம், கம்பளிக் கையுறை விற்கிறவளிடம், எல்லாரிடமும் அதே பேச்சு.

"டவுன் ஹால்ல இன்னிக்கு வில்லி யாரு தெரியுமா? எம் பொண்ணு!"

"அப்படின்னா தொண்டை கிழியத் திட்டிட வேண்டியதுதான்!" என்று அவர்கள் சிரித்தார்கள். அதுகூட அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது எவனோ ஒருத்தன் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறான்.

மேடையில் டெஸ்ஸா கோலை உயர்த்தினாள். "இளவரசியே! உன் ப..."

உதடுகள் ஒட்டிக்கொண்டன. லொரெய்ன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள்.

"ஊஊஊ...!" மஞ்சள் குல்லா எழுந்தே நின்றுவிட்டது.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? அரங்கமே சேர்ந்து ஊளையிட்டது. டெஸ்ஸா மேடை விளிம்புக்கு வந்து அந்த ஆளை முறைத்தாள்.

"ஏய் குல்லா! உன்னைத் தவளையாக்கி வாத்துக்குப் போட்டுடுவேன்!"

ஒரே சிரிப்பு. அவள் திரும்பி நடந்து, கோலைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"இளவரசியே! உன் பரம்பரையே பாழாப் போகட்டும்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. லொரெய்னுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. 'புள்ளை திக்கறதைக் கண்டுபிடிச்சுட்டான் பாவி. அந்த இடத்துக்குக் காத்திருந்து கத்தறான்.'

இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்ற பெண்ணிடம் போய், "அந்தக் குல்லாக்காரனை வெளியே அனுப்புங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஓயாம ஊளையிடறான்."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாண்டோமைமுக்கு வந்துட்டு ஊளையிடக் கூடாதுன்னா எப்படி மேடம்? வெனிலாவா, ஸ்ட்ராபெரியா?"

பின்பாதியிலும் அதே கதைதான். ஆனால் கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கியபோது டெஸ்ஸாவுக்குக் கிடைத்த ஊளை கதாநாயகனுக்குக் கிடைத்த கைதட்டலைத் தூக்கிச் சாப்பிட்டது. பிறகு அந்த ஊளையே கைதட்டலாக மாறி, மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. டெரெக் மூக்கைச் சிந்துகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எம் பொண்ணுங்க அது! எம் பொண்ணு!" லொரெய்ன் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள்.

வெளியே சந்தையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுட வைத்த ஒயின் கடையருகில் மஞ்சள் குல்லா தெரிந்தது. டெரெக் தடுப்பதற்குள் லொரெய்ன் அந்த ஆள் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அது எம் பொண்ணு. பேச்சு திக்கினா அவ்வளவு கேலியா உங்களுக்கு?"

அந்த ஆளின் முகம் சிவந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா! என்ன பண்றே?"

பச்சை முகத்தைக் கழுவாமலே டெஸ்ஸா ஓடி வந்தாள். வந்தவள் நேரே அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் மட்டும் இல்லேன்னா நான் முதல் வசனத்துலயே கவுந்திருப்பேம்மா. சொல் நிக்கற இடத்துல எல்லாம் இவர் ஒரு சத்தம் குடுத்தாரு. ஊரே கத்தினப்போ நான் நிதானமா மூச்சு விட்டு, தயாராகிப் பேசினேன். நான் திக்கினது ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா, சொல்லு?"



டெஸ்ஸா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் திக்கறது வெளிய தெரியறதுக்கு முன்னாடியே, சொல் நிக்கப் போகுதுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அவர் குல்லாவைக் கழற்றினார். உதடுகள் ஒருமுறை இறுகித் திறந்தன.

"ந... ந... நமக்குத் தெ... தெரியாதாம்மா?"