கறுத்த இலை

இரவில் விளக்கணைத்து இருட்டாக்கும் பெட்டியில் வளரும் இரண்டு செடிகளிலிருந்து காலையில் பறித்த இலைகளை ஸ்பிரிட்டில் கொதிக்கவைத்து, பச்சை போனதும் அயோடின் ஊற்றினேன். ஒன்று வெளிறியே கிடந்தது. மற்றது கரியாகக் கறுத்தது.

லேப் உதவியாளர் சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "கறுத்தது அந்த நோஞ்சான் செடியோட இலைதான மேடம்?"

"ஆமா. கறுப்பு அவ்வளவும் மாவு. பகல்ல சேத்ததை ராத்திரி உடைச்சு சர்க்கரையாக்கித்தான் செடி சாப்பிடணும். உடைக்கிற நொதி இதுக்கு இல்ல."

"உள்ள இவ்வளவையும் வச்சுக்கிட்டா பட்டினி கெடக்கு?" அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மகள அடக்கம் பண்ணி ஆறு மாசம். என் வீட்டுக்காரி இன்னும் ஒரு சொட்டு அழல மேடம்."

இடுக்கியால் இலையைத் திருப்பிப் போட்டேன். "ராப்பகலா வெளிச்சத்துல வச்சா பிழைச்சுக்கும்" என்றேன். செடியைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை, பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று மாத வேலை பாழ். யார் போட்டது என்று கத்தினேன்.

சவரிமுத்து கைகட்டி நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"நான்தான் மேடம்" என்றார். "வீட்லயும் நேத்து அணைக்கல."