பெருக்கமரத்தடியில் செவலை

செவலை என்ற நாயும் ஒரு கழுதையும் கடற்கரைச் சாலையோரமாகத் தெற்கே நடந்தன. அங்கே பல நூறு வருஷத்துப் பெருக்கமரம் ஒன்று நிற்பதாகக் கழுதை கேள்விப்பட்டிருந்தது. வழியில் வந்த பனை, புங்கை, மைல்கல் எதையும் செவலை விடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் காலைத் தூக்கி நனைத்துவிட்டு, “இதுவும் என்னோடது” என்றது.

“அந்தப் பெரிய மரத்தையும் விடமாட்டியா?” என்று கழுதை கேட்டது.

“அதுக்காகத்தானே வர்றேன்!”

மூன்றாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தன. அடிமரத்தை முதலில் பாறை என்றே நினைத்தன. அண்ணாந்தபோதுதான் கிளைகள் தெரிந்தன. செவலை இடம் தேடி மரத்தைச் சுற்றியது. சுற்றச் சுற்ற அடிமரம் முடியவில்லை. யானைத் தோல்போல அது மடிப்பு மடிப்பாக இருந்தது. பொந்துக்குள் கடற்காற்று புகுந்து மெல்ல முனகியது.

செவலை காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

“என்னடா ஆச்சு?” என்றது கழுதை.

செவலை காலை மெதுவாக இறக்கியது. பிறகு மேலே பார்த்துக் கேட்டது: “ஐயா, உங்க நிழல்ல கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?”

“படுத்துக்கப்பா” என்று எங்கோ உயரத்திலிருந்து குரல் வந்தது.

இரண்டு வேர்களுக்கு நடுவே சுருண்டுகொண்ட செவலை, கண் திறக்காத குட்டியைப் போல அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது.