கதவைத் திறந்தவர்கள்

கதவை மறுபடி யாரோ தட்டுகிறார்கள். அடுப்படியில் அக்கா கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். மேசையில் நான் விரித்து வைத்திருப்பது திருட்டுப் பயம் பற்றிய ஆய்வுக் கட்டுரை. அதில் எங்கே ஓட்டை என்று நாளை வகுப்பில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து தேடுகிறேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எரிச்சலாக வருகிறது. “யாருடி இந்த நேரத்துல?” அக்காவின் உதடு மட்டும் அசைகிறது. “போய்ப் பார்க்கட்டுமா?” “சும்மா இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்.” விளக்கை அணைக்கிறாள். கதவடி வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் நிற்கிறது, தயங்குகிறது, விலகுகிறது. செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்கிறது. அக்கா விளக்கைப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறாள். கட்டுரையில் இதுவரை பார்த்தும் பார்க்காமல் தாண்டிய வரி கண்ணில் படுகிறது: ‘வீடு வீடாகப் போய்த் தட்டினோம். கதவைத் திறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பயமே இல்லை என்றார்கள்.’