சிரட்டைக்கரி மாப்பிள்ளை

"பெட்டியைத் திறக்க ஏலாது, ரீச்சர். காத்துப் பட்டால் கரி பழுதாய்ப் போயிடும்!"

மாப்பிள்ளை பற்றிக் மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டான். பொம்பிளை பார்க்க வந்தவன் பழம், பலகாரத்தோடு வராமல் ஒரு தகரப் பெட்டியோடு வந்திருந்தான். திருகோணமலை டவுனில் றேடியோ திருத்துகிறவன். லோஞ்ச் படகில் மூதூருக்கு வந்து, செக்பொயின்ற் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர அவனுக்கு அரை நாள் பிடித்தது.

யுத்தத்தால் செக்பொயின்றுக்கு இந்தப் பக்கம் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. செக்பொயின்றில் ஆமியிடம் ஒரு ரோச் பற்றரியோடு பிடிபட்டாலே ஆள் உள்ளே. பொம்பிளை இன்பமலரின் தகப்பன் மைக்கலுடைய றேடியோ எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. லண்டன் செய்தி கேட்காமல் மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதில பற்றரியே இல்லை, ஐயா. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நிலாவெளி உப்புத் தண்ணியும்தான். சைக்கிள் டைனமோவால கரண்ட் ஏத்தினால் கரி பிடிச்சு வச்சிருக்கும்," என்றான் பற்றிக்.

மைக்கல் வாயைப் பிளந்தார். "கேட்டியே பிள்ளை, சிரட்டைக் கரியாம்!"

இன்பமலர் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவள். முதல் வந்த மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை என்று சொன்னான். விசாரித்தால் கச்சேரி வாசலில் கடலை வறுக்கிறான். கடலை வறுத்ததில் குற்றமில்லை, பொய்தான் குற்றம் என்று அனுப்பிவிட்டாள். பொய்க்காரனுக்குக் கழுத்தை நீட்டுவதில்லை என்று மாதா சொரூபத்துக்கு முன்னால் சத்தியமும் செய்துவிட்டாள். ஆனால், கோதாரி, இவனைப் பார்த்ததும் பிடித்துப் போய்விட்டதே!

"சரி, பல்பைக் கொளுவுங்கோ பார்ப்பம்."

ரோச் பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"கரி எப்பிடிக் கரண்டைப் பிடிக்கும்?"

"கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்கில இருக்கு, ரீச்சர். தண்ணியில இருக்கிற உப்பு அதுக்குள்ள போய் ஒட்டிக்கொள்ளும்."

"வெளிநாட்டில தண்ணியே சேராத உப்புத் திரவம் பாவிக்கினமாம்?"

"அதுக்கு நான் எங்க போறது? எனக்கு நிலாவெளிதான்."

பதில் எல்லாம் சரி. கதைத்துக் கதைத்து அரை மணித்தியாலம் போனது. பல்ப் எரிந்தபடியே இருந்தது. மைக்கலுக்குப் பிடிபடாத சந்தோசம். பற்றிக்குக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"அப்பா, குசினியில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்குது, பாருங்கோ."

அவர் உள்ளே போனதும் இன்பமலர் குரலைத் தாழ்த்தினாள். "எத்தினை பற்றரி?"

"ர... ரீச்சர்?"

"நானும் ஒரு கரிப் பெட்டி செய்து வச்சிருக்கிறன். மூண்டு மாதம் மினைக்கெட்டனான். பல்ப் வர வர மங்கி, மூண்டாம் நிமிஷம் செத்துப்போகும். கரியெண்டால் அப்பிடித்தான். உங்கட பல்ப் கொஞ்சமும் மங்கேல்லையே!"

பற்றிக் தலையைக் குனிந்தான். "நாலு. கரியால மட்டும் என்ட பெட்டி அரை நிமிஷம்தான் எரிஞ்சுது. வெக்கத்தில..."

"கரியை நீராவியில சுட்டனீங்களோ?"

"இல்லை."

"அதுதான் ஓட்டை திறக்கேல்லை. சரி, செக்பொயின்ற்றை எப்பிடித் தாண்டினீங்கள்?"

"பற்றரிக்கு மேல கரியைக் கொட்டினனான். கை கறுக்கும் எண்டு ஒருத்தரும் கிண்டேல்லை."

"பிடிபட்டிருந்தால்?"

"உங்களைப் பார்த்திருக்க ஏலாது."

இன்பமலருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே?

"அப்பா! இங்க ஓடி வாங்கோ. இவர் சொன்னது முழுப் பொய். கரியால எரியேல்லை இந்த பல்ப்!"

பற்றிக் எழும்பிச் செருப்பைத் தேடினான்.

"அப்ப என்னத்தால பிள்ளை எரியுது?" என்று மைக்கல் உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"நாலு புதுப் பற்றரியால!"

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. மறுநிமிடம் மைக்கல் றேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து வாசலை மறித்தார்.

"தம்பி, செருப்பைக் கழட்டுங்கோ! பிள்ளை, உன்ர சத்தியத்தைப் பற்றி மாதாவோட நான் கதைக்கிறன். வாற ஞாயிறே கோயிலில பாதரைக் கொண்டு கல்யாண அறிவித்தல் ஓலையை வாசிப்பிப்பம், பற்றரி இறங்க முந்தி!"