ஏழு வீட்டுக்கும் ஒரே பரண்

தீயணைப்புத் துறை அதிகாரியின் கால்கள் பரணுக்குள் மறைந்ததும் தையல்காரி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏணி நன்றாகத்தான் நின்றது.

தெருவில் ஏழு வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. நடு வீட்டு வாசலுக்கு மேல் கல்லில் ஆண்டு வெட்டியிருக்கிறது. பார்த்தால் நூற்றெண்பது வருஷம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரையும் கட்டினவன் அறைகளின் உயரத்தோடு நிறுத்திவிட்டான். செங்கல் மிச்சம் பிடித்த மகராசன். அதனால் கூரைக்கு அடியில் தடுப்பே கிடையாது. முதல் வீட்டுப் பரணில் ஏறினால் ஏழாம் வீடு வரைக்கும் நடக்கலாம்.

ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஏழும் சாம்பல் என்பதைத் தீயணைப்புத் துறை இப்போதுதான் கண்டுபிடித்திருந்தது. வீட்டுக்கு வீடு பரணை அடைத்துச் சுவர் எழுப்பப் போகிறார்கள்.

தையல்காரியின் வீடு முதல் வீடு. மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது ஐந்தாம் வீடு.

அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றபோது, தையல்காரியின் புருஷன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்த வாசப்படிய மிதிக்கிறவங்க இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்."

இரண்டு வருஷமாகிறது. மனுஷன் சொன்ன சொல்லிலிருந்து இம்மி நகரவில்லை.

அவளும் மீறவில்லை. வாசற்படியைத்தானே மிதிக்கக் கூடாது? மதியம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் ஏணியைச் சாத்தி ஏறிவிடுவாள். அரைமணி நேரம் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்த வழியே திரும்புவாள். பேத்திக்கு ஏழு மாதம். நேற்றுத்தான் முதல் பல் முளை விட்டிருந்தது.

சுவர் வந்தால் அதோடு சரி.

புருஷனைத் தெருவில் நெட்டையர் என்பார்கள். கூடத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு புடைப்பு, வற்றி மஞ்சளாகியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல் தைத்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது அது புதிதாக வீங்கியிருந்தது. குளியலறை நிலையில் இடித்துக்கொண்டாராம். முப்பது வருஷமாக இடிக்காத நிலை இப்போது இடிக்கிறதா என்று முணுமுணுத்தபடி ஒத்தடம் கொடுத்தாள்.

முட்டிவலிக்காரர். அவர் ஏணியில் கால் வைத்து அவள் பார்த்துப் பல வருஷம். அந்தத் தைரியத்தில்தான் அவள் வண்டி ஓடியது.

மேலே 'ணங்' என்று ஒரு சத்தம். "ஐயோ அம்மா" என்றார் அதிகாரி.

இறங்கும்போது ஒரு கையில் டார்ச், மறு கை நெற்றியில். அவரும் ஆறடிக்குக் குறையாத ஆள்.

"யாரும்மா மேல பெருக்குறது? அஞ்சாவது வீடு வரைக்கும் பாதை போட்ட மாதிரி இருக்கே?"

"எலி..." என்று ஆரம்பித்தாள். எலி பெருக்குமா?

நெட்டையரின் செய்தித்தாள் மடங்கியது.

அதிகாரிக்கு அடுத்த தெருவிலும் வேலை இருந்தது. படிவத்தை நெட்டையரிடமே நீட்டினார். சுவர் கட்டாயம். ஆனால் கேட்டு எழுதிக் கொடுத்தால் சுவரில் இரும்புக் கதவு வைத்துத் தருவார்கள். இரண்டிலிருந்து ஐந்து வரை எல்லா வீட்டிலும் கதவு என்றே கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இந்த வீடுதான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

நெட்டையர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அதிகாரியின் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கதவுன்னே போட்டுக்குங்க சார். அப்படியே அந்த மூணாவது வீட்டு உத்தரத்தையும் கொஞ்சம் ஏத்திவிடச் சொல்லுங்க. நம்மள மாதிரி உயரமானவங்களுக்கு ஆகாது."

சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

அங்கே அப்படி ஓர் உத்தரம் இருப்பதே தையல்காரிக்குத் தெரியாது. அவள் உயரத்துக்கு அது என்றைக்கும் இடித்ததில்லை.

அதிகாரியின் நெற்றியைப் பார்த்தாள். புருஷனின் நெற்றியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அதே இடம்.

செவ்வாய்க்குச் செவ்வாய் அவள் கடைக்குப் போய்வர முழுசாக இரண்டு மணி நேரம் ஆகும். அவள் திருடிக்கொண்டதோ வெறும் அரைமணி நேரம். வயிற்றெரிச்சலாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

மகள் மூச்சே விடவில்லையே. அழுத்தக்காரி. அப்படியே அப்பன்.